எங்கள் மலைக்குப் பயிற்சி பெற்ற சமரசக்காரர்கள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாசி பிறந்துவிட்டால் உங்கள் நாளிதழின் நீலகிரிப் பக்கத்தில் தண்ணீர்த் தகராறுச் செய்தி ஒன்றாவது வந்துவிடுகிறது. குழாயை அறுத்தார்கள், வழியை மறித்தார்கள், இரு தரப்பும் புகார், போலீசார் விசாரணை என்று நாலு வரியில் முடிந்துவிடும். அந்த நாலு வரிக்குப் பிறகு ஊருக்குள் நடப்பது எதுவும் பத்திரிகைக்கு வருவதில்லை. அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

குந்தா தாலுகாவில் நடுநிலைப் பள்ளி ஆசிரியையாகச் சேர்ந்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. படுகர்களின் ஊர்களான ஹட்டிகளிலிருந்து வந்த பிள்ளைகளும், எங்களைப் போன்ற தாயகம் திரும்பியோர் வீட்டுப் பிள்ளைகளும், மின்வாரியக் குடியிருப்புப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பள்ளியில் என் காலம் கழிந்தது.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தாலுகாவில் ஒவ்வொரு ஊருக்கும் அக்கம்பக்கத் தகராறுகளைப் பேசித் தீர்க்க முறையாகப் பயிற்சி பெற்ற சமரசக்காரர்கள் நாலைந்து பேராவது வேண்டும். அவர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்தே அந்தப் பழக்கத்தைக் கற்றுத்தர வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்தில் ஒரு தகராறு. சோலை ஓரத்தில் ஓர் ஊற்று. அதன் கீழே சிமென்ட் தொட்டி. தொட்டியிலிருந்து கருப்பு ஓஸ் பைப் மேல்வீடுகளுக்கும் கீழ்வீடுகளுக்கும் போகிறது. மேலே இருப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழும் படுகர் குடும்பங்கள். கொஞ்சம் தேயிலைத் தோட்டமும் மாடும் உண்டு. கீழே இருப்பவர்கள் இலங்கையிலிருந்து வந்து, துண்டு நிலம் வாங்கி வீடு கட்டியவர்கள். அந்த வீட்டுப் பெண்கள் மேல்வீட்டுக்காரர்கள் தோட்டத்திலேயே இலை எடுக்கப் போகிறவர்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அதே தாலுகாதான் இது. அணைகளுக்கும் குறைவில்லை. ஆனால் மார்ச் மாதம் வந்தால் ஒரு குடத்துக்கு அடிதடி.

கீழ்வீடுகளுக்குப் போகும் ஓஸ் ஒரு ராத்திரியில் அறுபட்டது. புதிதாகப் போட்டார்கள், அதுவும் அறுபட்டது. ஸ்டேஷனுக்குப் போனார்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குச் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள், இரு தரப்பையும் கூப்பிட்டு இனிமேல் தகராறு செய்யமாட்டோம் என்று எழுதி வாங்கி அனுப்பினார்கள். எந்த நேரத்தில் யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்பது அந்தக் காகிதத்தில் இல்லை. போலீசாரைக் குறை சொல்ல மாட்டேன். அது அவர்கள் வேலையும் இல்லை. அடுத்த கோடையில் மறுபடியும் அறுந்தது. இந்தத் தடவை கீழ்வீட்டுப் பெண்கள் மேல்வீட்டுத் தோட்டத்துக்கு வேலைக்குப் போவதை நிறுத்தினார்கள். இலை முற்றிப்போய் ஃபேக்டரியில் எடுக்கவில்லை. பதிலுக்கு, மேல்வீட்டுப் பாதையில் கீழ்வீட்டுக்காரர்களின் ஆட்டோ போகக்கூடாது என்று கல் அடுக்கிவிட்டார்கள். பிரசவத்துக்குப் போக வேண்டிய ஒரு பெண்ணை அந்தக் கல்லைத் தாண்டிக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்தோம். நான், ஹட்டியைச் சேர்ந்த மகளிர் சுய உதவிக் குழுத் தலைவி, மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற வயர்மேன் ஒருவர். நான் மட்டும் போயிருந்தால் மேல்வீட்டுக்காரர்கள், "டீச்சர் அவங்க ஆளு" என்று சொல்லியிருப்பார்கள். குழுத் தலைவி மட்டும் போயிருந்தால் கீழ்வீட்டுக்காரர்கள் அதையே திருப்பிச் சொல்லியிருப்பார்கள். வயர்மேன் இரண்டு பக்கத்துக்கும் உறவில்லாதவர். மோட்டார், வால்வு, பைப் எல்லாம் அறிந்தவர்.

முதலில் ஒவ்வொரு வீடாகப் போய்த் தனித்தனியே கேட்டோம். குறுக்கே பேசவில்லை, யார் சொன்னதையும் இன்னொரு வீட்டில் போய்ச் சொல்லவில்லை. பிறகு எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஊற்றுக்கே போனோம். ஒரு குடத்தை வைத்து, வயர்மேன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று கணக்கெடுத்தார். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவை. ஊற்றில் எவ்வளவு வருகிறது என்பதை அதுவரை இரு தரப்பிலும் யாரும் அளந்து பார்த்ததில்லை. பாதிப் பங்கு, முக்கால் பங்கு என்று ஆண்கள் இரண்டு கோடை முழுக்கச் சண்டை போட்டிருந்தார்கள். எதில் பாதி என்று யாருக்கும் தெரியாது.

அப்போது குழுத் தலைவி ஒரு கேள்வி கேட்டார். ஆண்களைப் பார்த்தல்ல. கீழ்வீட்டுப் பெண்களைப் பார்த்து, "உங்களுக்குத் தண்ணி எந்நேரம் வேணும்?" என்றார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெண் சொன்னாள்: "ஏழரைக்கு வீட்டைப் பூட்டிட்டு எல எடுக்கப் போயிடறோம் அக்கா. அஞ்சு மணிக்கு வந்தா ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. பகல்ல வந்து எங்களுக்கு என்னத்துக்கு?" மேல்வீட்டுக்காரர்களுக்கோ தண்ணீர் காலையில்தான் வேண்டும், மாட்டுக்கும் துவைக்கவும் பத்து மணிக்குள் பிடித்துவிடுவார்கள். பகல் முழுக்க வரும் தண்ணீர் பிடிக்க ஆளில்லாமல் ஓடையில் போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்கே முடிவாகிவிடவில்லை. இன்னும் சில தடவை உட்கார வேண்டியிருந்தது. கடைசியில் காலை மேல்வீடுகளுக்கு. மதியத்துக்கு மேல் வால்வைத் திருப்பிக் கீழ்வீடுகளுக்கு வாங்கிவைத்த சின்டெக்ஸ் தொட்டி நிரம்பும் வரை. வால்வு பொறுப்பு வயர்மேனுக்கு. ஏப்ரலில் ஊற்று மெலிந்தால் வீட்டுக்கு இத்தனை குடம். வால்வைத் திருப்பவில்லை என்றால் முதலில் எங்கள் மூவரில் ஒருவருக்குப் போன், அதற்குப் பிறகுதான் வேறெதுவும். பாதையில் இருந்த கல்லை அடுக்கியவர்களே எடுத்தார்கள். எல்லாவற்றையும் சாதாரணத் தமிழில் எழுதி, உரக்க வாசித்தேன். வயதான பாட்டிக்குக் குழுத் தலைவி படுக மொழியில் எடுத்துச் சொன்னார். வீட்டுக்கு ஒரு ஆணும் ஒரு பெண்ணும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஓஸை அறுத்தது யார் என்பது இன்றுவரை வெளிவரவில்லை. அந்தச் செலவை யார் கொடுப்பது என்பதும் தீரவில்லை. கீழ்வீட்டுப் பெரியவர் ஒருவர் மேல்வீட்டு இளைஞன் ஒருவனோடு இப்போதும் பேசுவதில்லை. ஆனால் தண்ணீர் போகிறது. இலை எடுக்க ஆள் போகிறது. ஆட்டோ போகிறது.

இது எங்கள் ஊரில் ஏதோ நல்ல நேரம், கூடிவந்தது. நான் இல்லாத ஊரில், அந்தக் குழுத் தலைவி இல்லாத ஊரில் யார் இதைச் செய்வார்கள்? நல்ல மனதிருந்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். போதாது. தனித்தனியாகக் கேட்பது, கேட்டதை வெளியே விடாமல் இருப்பது, என் கருத்தைச் சொல்லாமல் நாக்கை அடக்குவது, பேச முடியாதவரைப் பேச வைப்பது, நாளை யாரும் வேறு அர்த்தம் சொல்ல முடியாதபடி எழுதுவது — இவையெல்லாம் கற்றுக்கொண்டு வருபவை. தையல் பயிற்சிக்கும் கணினிப் பயிற்சிக்கும் சுய உதவிக் குழுக்களைக் கூப்பிடுகிறார்கள். இதற்கும் கூப்பிடலாம்.

இதைக் கட்டப் பஞ்சாயத்து என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கட்டப் பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்பவன் ஒருவன் இருக்கிறான். அபராதம் உண்டு, ஊர்விலக்கு உண்டு, மிரட்டல் உண்டு. 2011ஆம் ஆண்டு தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான் உச்ச நீதிமன்றம் கட்டப் பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம், அதை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சமரசத்தில் உட்காருபவருக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமையே கிடையாது. பிடிக்காதவர் எந்த நிமிடமும் எழுந்து போகலாம். எழுந்து போனதற்காக ஊரில் அவரை யாரும் ஒதுக்கக்கூடாது.

சமரசத்துக்குக் கொண்டுவரவே கூடாதவையும் இருக்கின்றன. பயிற்சியின் முதல் நாளே இதைச் சொல்லித்தர வேண்டும். மனைவியை அடிப்பது, பிள்ளைகளிடம் தவறாக நடப்பது, சிறுமிக்குக் கல்யாணம் பேசுவது, சாதியைச் சொல்லி இழிவு செய்வது. இவற்றில் "பேசி முடிச்சுக்கலாம்" என்று உட்கார வைப்பது அடிபட்டவரை இரண்டாவது முறை அடிப்பதுதான். பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098 என்ற உதவி எண்களைக் கொடுத்து, கூடவே போய்ப் புகார் எழுத உதவுவதுதான் அங்கே சமரசக்காரரின் வேலை. எங்கள் பக்கம் பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களுக்கும் வெளியாருக்கும் இடையே ஒன்று நடந்தால், "சமாதானமாப் போயிடுங்க" என்ற பேச்சு எப்போதும் பலமில்லாதவர் பக்கம்தான் திரும்புகிறது. அந்தச் சமாதானம் எனக்கு வேண்டாம்.

சட்டத்தில் இதற்கு இடம் இல்லையா என்றால், இருக்கிறது. 2023ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மத்தியஸ்தச் சட்டத்தில் சமுதாய மத்தியஸ்தத்துக்கு என்றே ஓர் அத்தியாயம் உண்டு. ஒரு பகுதியில் வாழும் மக்களின் அமைதியைக் கெடுக்கக்கூடிய தகராறு என்றால், இரு தரப்பும் முன்கூட்டியே சம்மதித்து, இலவச சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் மனுக் கொடுக்கலாம். மூன்று மத்தியஸ்தர்களைக் கொண்ட குழுவை அமைப்பார்கள். ஊரில் மதிப்பும் நேர்மையும் உள்ளவர்கள், குடியிருப்போர் சங்கப் பிரதிநிதிகள் போன்றவர்கள் அதில் இருக்கலாம். பெண்களுக்கு இடம் தருவதைக் கருத்தில் கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறது. ஆனால் 2023 அக்டோபரில் அச்சட்டத்தின் சில பிரிவுகள் அமலுக்கு வந்தபோது, இந்த அத்தியாயம் அந்தப் பட்டியலில் இல்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சமுதாய மத்தியஸ்தத்தில் எழுதப்படும் உடன்பாட்டை நீதிமன்றத் தீர்ப்பைப் போல நிறைவேற்ற முடியாது என்று அதே சட்டம் சொல்கிறது. அப்படியென்றால் அந்தக் காகிதத்துக்கு என்ன பலம்? கையெழுத்துப் போட்டவர்கள் மனதார ஒப்புக்கொண்டார்களா என்பது மட்டும்தான். அவசரப்படுத்தி, வெட்கப்படுத்தி வாங்கிய கையெழுத்து அடுத்த கோடை வரைகூடத் தாங்காது. அதனால்தான் பயிற்சி, பயிற்சி என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். தீர்ப்பைப் போன்ற பலம்தான் வேண்டும் என்பவர்களுக்கு 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் கீழ் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. வழக்குப் போடும் முன்பே அங்கே கொண்டுபோகலாம், கட்டணம் இல்லை, அங்கே முடிந்ததற்கு மேல்முறையீடும் இல்லை.

தமிழ்நாடு இதில் பின்தங்கிய மாநிலமும் அல்ல. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையத்தை 2005லேயே சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கியவர்கள் நாம். ஆனால் அது நீதிமன்றத்தில் இருக்கிறது. எங்கள் தாலுகாவின் மஞ்சூரிலிருந்து மாவட்ட நீதிமன்றம் இருக்கும் ஊட்டிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். வாய்தாவுக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்தால் பஸ்ஸே இல்லை. தண்ணீர்க் குழாய்க்கும் நடைபாதைக்கும் வேலி ஓரத்து சில்வர் ஓக் மரத்துக்கும் யார் அவ்வளவு தூரம் அலைவார்கள்? அலைய முடியாதவர்கள்தான் ராத்திரியில் ஓஸை அறுக்கிறார்கள்.

ஹட்டிகளில் ஊர்த் தலைவரான கவுடர் இருக்கிறார், ஊர்ச் சபையான கூட்டு இருக்கிறது, புதிதாக எதற்கு என்று பெரியவர்கள் கேட்பார்கள். அந்தக் கூட்டை நான் மதிக்கிறேன். எத்தனையோ குடும்பச் சண்டைகளை அது கோர்ட்டுக்குப் போகாமல் தீர்த்து வைத்திருக்கிறது. ஆனால் நான் பார்த்த கூட்டங்களில் பெண்கள் ஓரமாக நின்று கேட்டார்களே தவிர, உட்கார்ந்து பேசவில்லை. ஹட்டிக்குள் நடக்கும் தகராறுக்கு அது சரி. ஹட்டிக்கும் வெளியே குடியேறியவர்களுக்கும் இடையிலான தகராறில், ஒரு தரப்பின் சபை இன்னொரு தரப்புக்கு எப்படிப் பொதுவாகும்? கவுடர்கள் சிலரே முன்வந்து இந்தப் பயிற்சியில் சேர்ந்தால் அதைவிட மகிழ்ச்சி எனக்கு இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் சண்டை போட்டால் நம் வழக்கம் என்ன? "கையக் குடுங்கடா, சாரி சொல்லுங்கடா, போய் உக்காருங்கடா." ஒரு நிமிடத்தில் முடிந்தது. இந்த ஒரு நிமிடச் சமாதானத்தைப் போல் கெடுதலான பாடம் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். பலமுள்ளவன் தப்பிக்கிறான், அடிபட்டவன் மனதில் வைத்துக்கொள்கிறான், இருவரும் பெரியவர்களானதும் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

சத்துணவு வரிசையில் ஏழாம் வகுப்புப் பையன்கள் இருவர் தட்டால் அடித்துக்கொண்டார்கள். ஒருவன் மற்றவனை "சிலோன்காரன், உங்க ஊருக்குப் போடா" என்று சொல்லிவிட்டான். அந்த வார்த்தையைச் சின்ன வயதில் நானும் கேட்டவள். இருவரையும் வராந்தாவில் உட்கார வைத்தேன். விதி ஒன்றுதான். ஒருவன் பேச வேண்டும். அவன் சொன்னதை மற்றவன் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆமா, இதத்தான் சொன்னேன்" என்று முதலாமவன் ஒப்புக்கொண்டால்தான் மற்றவனுக்குப் பேச முறை.

"இவன் பொய் சொல்றான் டீச்சர்" என்றான் ஒருவன்.

"அது நீ நெனைக்கறது. அவன் என்ன சொன்னான்? அத மட்டும் சொல்லு."

முதலில் முடியவே இல்லை. நாலு தடவை திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தேன். பிறகு வந்தது விஷயம். "இவன் எம் பக்கத்துல உக்கார மாட்டேன்னு போன வாரம் எடம் மாறிட்டான்." இதை மற்றவன் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னான். சொல்லிவிட்டு, "கணக்கு சார்தான்டா மாத்தினாரு, பின்னாடி இருந்தா எனக்கு போர்டு தெரியலன்னு" என்றான். அவனுக்குக் கண் பார்வை மங்கல் என்பது அன்றைக்குத்தான் அவன் சிநேகிதனுக்குத் தெரியும். சாரி சொல் என்று நான் சொல்லவில்லை. "உங்க ஊருக்குப் போடா" என்றவன் மறுநாள் தானாகவே சாரி சொன்னான்.

அதன் பிறகு எட்டாம் வகுப்பில் பெண்ணும் பையனுமாகச் சிலரைத் தேர்ந்தெடுத்து இந்த முறையைப் பழக்கினோம். நன்றாகப் படிப்பவர்களை மட்டும் எடுக்கவில்லை. சண்டை போடுகிறவர்களையும் சேர்த்தோம், அவர்களுக்குத்தான் சண்டை எப்படி மூள்கிறது என்று தெரியும். தீர்ப்புச் சொல்லக்கூடாது, கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. ஆனால் யாராவது தொட்டான், அடித்தான், மிரட்டினான் என்றால் உடனே டீச்சரிடம் வந்துவிட வேண்டும். இவ்வளவுதான் பாடம். இடைவேளையில் ஒரு பெஞ்சு, அவ்வளவுதான் செலவு.

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. மாணவர்களிடையே சாதி வன்முறையைத் தடுப்பது பற்றி 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். அந்தச் சமயத்தில் எங்கள் மலையில் பலர், "அது தெக்க, நம்ம பக்கம் அப்படியெல்லாம் இல்ல" என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பயத்தைத்தான் தந்தது. சத்துணவு வரிசையில் "உங்க ஊருக்குப் போடா" என்று சொல்லும் பிள்ளை அதை எங்கிருந்து கற்கிறது? வீட்டுத் திண்ணையில் நாம் பேசுவதைக் கேட்டுத்தான்.

செய்ய வேண்டியது பெரிய திட்டமும் இல்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கீழ்ச் சட்டத் தன்னார்வலர் திட்டம் 2009 முதல் இருக்கிறது. அந்தப் பயிற்சியோடு சமரசப் பயிற்சியையும் சேர்த்து, ஊட்டியில் நடத்தாமல் மஞ்சூரிலும் கோத்தகிரியிலும் பந்தலூரிலும் வந்து நடத்தலாம். உறைபனியில் இலை குறையும் ஜனவரி, பிப்ரவரியில் வைத்தால் தோட்ட வேலைப் பெண்கள் வர முடியும். அன்றைய கூலிக்கு ஈடாக ஏதாவது கொடுத்தால் நிச்சயம் வருவார்கள். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்களாக வேலை செய்தவர்களையும் பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார்களையும் கூப்பிடலாம். மூன்று நாள் பயிற்சி நடத்திச் சான்றிதழ் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடக்கூடாது. பயிற்சி பெற்றவர்கள் முதல் தகராறில் உட்காரும்போது அனுபவப்பட்ட ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். திக்கினால் போன் போட்டுக் கேட்க ஒரு ஆள் வேண்டும். அது இல்லாமல்தான் நல்ல பயிற்சிகள் எல்லாம் வீணாகின்றன.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. பேரூராட்சிகளில் பகுதி சபை இருக்கிறது. வரும் கூட்டத்தில் எங்கள் ஊரில் யார் யார் இந்தப் பயிற்சிக்குப் போகலாம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பெயர்களை எழுதி, தீர்மானமாக நிறைவேற்றி, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பப் போகிறோம். மற்ற ஊர்க்காரர்களும் அப்படியே அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இடம் இல்லை என்று அதிகாரிகள் சொல்ல வேண்டியதில்லை. சுய உதவிக் குழுக் கட்டடத்தில் ஐம்பது பேர் உட்காரலாம், நாற்காலி இருக்கிறது, டீ நாங்கள் போட்டுக் கொடுக்கிறோம். வகுப்பெடுக்க ஆள் அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர்,
குந்தா தாலுகா, நீலகிரி மாவட்டம்.